தினமும் ஓட்டுற ஆஃப்ரோடு வண்டிக்கு கம்மி செலவுல லிஃப்ட்: எது போதும், எது வேணாம்

லிஃப்ட், அதாவது வண்டிய இன்னும் உயரமாக்குறது, போடலாம்னு முடிவு பண்ணின உடனே எல்லாரும் கேக்குறது "எத்தன இன்ச் போடலாம்"னு தான். அத கேக்குறதுக்கு முன்னாடி ஒரு டார்ச்ச எடுத்துக்கிட்டு வண்டிக்கு அடியில படுத்து பாருங்க, எங்கெல்லாம் கல்லு உரசி கோடு விழுந்திருக்குன்னு. முன் பம்பரோட கீழ் உதட்டுல இருக்கா, நடுவுல சேஸிஸ்லயோ சைடு ஸ்டெப்லயோ இருக்கா, பின்னாடி சைலன்சர் நுனில இருக்கா, இல்ல ஆக்ஸில் நடுவுல தொங்குற டிஃபரன்ஷியல் உருண்டையில இருக்கா. உங்களுக்கு லிஃப்ட் வேணுமா வேணாமாங்குறதுல பாதிய அந்தக் கோடுகளே சொல்லிடும்.

ஏன்னா முன்னாடி பின்னாடி ரெண்டு பக்கமும் ஒரே தண்டா இருக்குற ஆக்ஸில் வண்டியில (ஜிம்னி, ரேங்ளர் மாதிரி) சஸ்பென்ஷன் லிஃப்ட் போட்டா பாடியும் சேஸிஸும் மட்டும் தான் மேல போகும். ஆக்ஸில் சக்கரத்தோட சேந்தது, சக்கரம் தரையில நிக்குது, அதனால டிஃபரன்ஷியல் தரையில இருந்து எவ்வளவு உயரத்துல இருந்துச்சோ அங்கயே தான் இருக்கும், நீங்க 2 இன்ச் போட்டாலும் சரி 6 இன்ச் போட்டாலும் சரி. அத மேல தூக்க ஒரே வழி பெரிய டயர். டயரோட விட்டம் 2 இன்ச் கூடினா ஆக்ஸில் 1 இன்ச் ஏறும், அவ்வளவுதான். அப்ப லிஃப்ட் எதுக்கு? ஏத்தத்துல ஏறும்போது முன் பம்பர் இடிக்காம இருக்க, மேட்டு மேல ஏறி இறங்கும்போது வயிறு தட்டாம இருக்க, இறங்கும்போது பின்பக்கம் உரசாம இருக்க, அப்புறம் பெரிய டயர் போட்டா ஃபெண்டர்ல உரசாம இடம் கிடைக்க. முன்பக்கம் இண்டிபெண்டன்ட் சஸ்பென்ஷன், அதாவது ரெண்டு சக்கரமும் தனித்தனியா ஏறி இறங்குற அமைப்பு, இருக்குற வண்டியில (ஹைலக்ஸ் மாதிரி) முன் டிஃபரன்ஷியல் சேஸிஸ்லயே மாட்டியிருக்குறதால அது மட்டும் பாடியோட சேந்து மேல போகும், பின் ஆக்ஸில் கதை பழைய கதை தான்.

தினமும் ஆபிஸுக்கும் கடைக்கும் அதே வண்டிய தான் ஓட்டப் போறீங்கன்னா என் கருத்த முதல்லயே சொல்லிடுறேன்: 2 இன்ச், அதாவது 5 செமீ, அதுக்கு மேல போக வேணாம். அதுல மிச்சமாகுற காச ஷாக் அப்சார்பர்லயும், லிஃப்ட்டால கெட்டுப்போற கோணங்கள திருத்துறதுலயும் போடுங்க. ஏன் இவ்வளவு உறுதியா சொல்றேன்னா, 2 இன்ச் வரைக்கும் வண்டியோட மத்த பாகங்கள் கொஞ்சம் திருத்தத்தோட தாங்கிக்கும், அதத் தாண்டிட்டா ஒண்ண மாத்தினா இன்னொண்ணு, அத மாத்தினா வேறொண்ணுன்னு செலவு சங்கிலி மாதிரி இழுத்துக்கிட்டே போகும்.

பாடி லிஃப்ட்னு ஒண்ணு இருக்கு, அது வேற விஷயம். சேஸிஸுக்கும் பாடிக்கும் நடுவுல கட்டை வெச்சு பாடிய மட்டும் தூக்குறது. சேஸிஸ் உயரம் மாறாது, டயருக்கு இடம் கிடைக்கும், சஸ்பென்ஷன தொடவே மாட்டாங்க. இந்தக் கட்டுரை அதப் பத்தி இல்ல, அதனால இதோட விட்டுடுறேன்.

சஸ்பென்ஷன் லிஃப்ட்ல ரொம்ப கம்மி செலவு ஸ்பேசர். காயில் ஸ்பிரிங்குக்கு மேலயோ கீழயோ பாலியூரித்தேன்லயோ அலுமினியத்துலயோ செஞ்ச ஒரு வளையத்த வெச்சு உயரத்த கூட்டுறது. ஸ்பிரிங் அதே தான், அதனால ஓட்டுற சுகம் பெருசா மாறாதுன்னு சொல்வாங்க, அது ஓரளவு உண்மை. சொல்லாம விடுறது ஷாக் அப்சார்பர் கதைய. ஒரு உதாரணம் சொல்றேன், உங்க ஷாக் மொத்தம் 20 செமீ நீளும் சுருங்கும்னு வெச்சுக்கங்க, வண்டி சும்மா நிக்கும்போது அது சரியா நடுவுல நிக்குது, மேல 10 கீழ 10. இப்ப 5 செமீ ஸ்பேசர் போட்டாச்சு, ஷாக் பழசு. வண்டி நிக்குற இடத்துலயே ஷாக் 5 செமீ நீண்டு போயிடுச்சு, அப்ப சக்கரம் கீழ இறங்க மிச்சம் 5 செமீ தான். ரோட்டுல ஒரு குழியில சக்கரம் விழும்போது ஷாக் முழுசா நீண்டு முடிஞ்சு "டொக்"னு ஒரு சத்தம் வரும், அது ஷாக்குக்கு உள்ள பிஸ்டன் போய் முட்டுற சத்தம். தினமும் பத்து தடவ அப்படி முட்டினா சீல் எத்தன நாள் தாங்கும்? ஆஃப்ரோடுலயும் நஷ்டம் தான், ஒரு சக்கரம் பள்ளத்துல இறங்க வேண்டிய இடத்துல இறங்க முடியாம அந்தரத்துல தொங்கும், பிடிமானம் போயிடும். அதனால ஸ்பேசர் போடுறதா இருந்தா அந்த உயரத்துக்கு ஏத்த நீளமான ஷாக்கும் சேத்து போடுங்க, இல்ல 1 இன்ச்சோட நிறுத்திக்கங்க.

இண்டிபெண்டன்ட் சஸ்பென்ஷன்ல ஸ்பேசர் வாங்கும்போது பலர் ஏமாறுற இடம் ஒண்ணு இருக்கு. டபுள் விஷ்போன்ல (சக்கரத்த மேல ஒண்ணு கீழ ஒண்ணுன்னு ரெண்டு ஆர்ம் பிடிச்சிருக்குற வகை) ஸ்ட்ரட், அதாவது ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒண்ணா சேந்த தூண், சக்கரத்துல நேரா உக்காராது, கீழ் ஆர்மோட நடுவுல எங்கயோ உக்காந்திருக்கும். ஸ்ட்ரட்டுக்கு மேல 1 இன்ச் கட்டை வெச்சா சக்கரத்துகிட்ட அது கிட்டத்தட்ட 2 இன்ச்சா மாறும். கட்டையோட தடிமன பாத்துட்டு "இது சின்னது தான, இன்னொண்ணு மேல வெப்போம்"னு அடுக்கிடாதீங்க. ஸ்ட்ரட் சக்கரத்துகிட்டயே உக்காருற மேக்பெர்சன் வகையில இந்த கணக்கு கிடையாது, அங்க கிட்டத்தட்ட வெச்ச அளவு தான் ஏறும். டபுள் விஷ்போன்ல இன்னொரு தொல்லையும் உண்டு: ஸ்ட்ரட்டுக்கு மேல கட்டை வெச்சா ஸ்ட்ரட் முழுக்க கீழ தள்ளப்படுது, சக்கரம் முழுசா தொங்கும்போது மேல் ஆர்மோட பால் ஜாயின்ட் அதோட கடைசி எல்லைக்கு போய் நிக்கும், சக்கரத்துக்கு இழுவைய கொண்டு போற ஷாஃப்ட்டோட சிவி ஜாயின்ட்டும் ரொம்ப சாஞ்ச கோணத்துல சுத்தும். அந்த ஜாயின்ட்டோட ரப்பர் பூட் சீக்கிரம் கிழியும், கிழிஞ்சா க்ரீஸ் வெளிய வந்து மண்ணு உள்ள போகும், அதுக்கப்புறம் திருப்பத்துல "கட கட"ன்னு சத்தம் வர ஆரம்பிக்கும்.

லீஃப் ஸ்பிரிங், அதான் லாரியில பட்டை பட்டையா அடுக்கியிருக்குமே, அது இருந்தா மூணு மலிவான வழி இருக்கு. கூட ஒரு பட்டை சேக்குறது. நல்ல உயரம் கிடைக்கும், ஆனா ஸ்பிரிங் விறைப்பாகும், வண்டியில பாரமே ஏத்தாதவங்களுக்கு முதுகு தான் சொல்லும். ரெண்டாவது நீளமான ஷேக்கிள், அதாவது ஸ்பிரிங்கோட ஒரு முனைய சேஸிஸோட இணைக்குற ஆடுற துண்டு. ஷேக்கிள 2 இன்ச் நீட்டினா ஏறுறது சுமார் 1 இன்ச் தான், ஏன்னா ஸ்பிரிங்கோட ஒரு முனைய மட்டும் தான் தள்ளுறோம், அதோட ஆக்ஸிலோட சாய்வும் கொஞ்சம் மாறிடும். மூணாவது ஆக்ஸிலுக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவுல பிளாக் வெக்குறது. பின்பக்கம் ஒரே ஒரு பிளாக் வெச்சா பரவால்ல. ஒண்ணு மேல ஒண்ணா அடுக்குறது, முன் ஆக்ஸில்ல வெக்குறது, ரெண்டும் கூடவே கூடாது. பிரேக் அடிக்கும்போது முன் ஆக்ஸில்ல வர்ற முறுக்கு அந்த பிளாக்க பிதுக்கி எடுத்துடும், ஓடுற வண்டியில ஆக்ஸில் நகந்தா என்ன ஆகும்னு நான் சொல்ல வேண்டியதில்ல.

சில வண்டியில முன்னாடி காயிலுக்கு பதிலா டார்ஷன் பார், அதாவது முறுக்கி ஸ்பிரிங்கா வேலை செய்யுற கம்பி இருக்கும், ஒரு போல்ட்ட முறுக்கினா உயரம் ஏறும், செலவே இல்ல. கொஞ்சமா ஏத்தலாம். அதிகமா முறுக்கினா மேல சொன்ன அதே கதை, சக்கரம் கீழ இறங்க இடமில்லாம முட்டும்.

இதெல்லாம் தாண்டி தினசரி வண்டிக்கு நான் முழு மனசோட சொல்றது, 4 ஸ்பிரிங்கும் அதுக்குன்னே பொருத்திச் செஞ்ச 4 ஷாக்கும் உள்ள செட். ஸ்பேசர விட செலவு கூட தான், மறுக்கல. ஆனா ஸ்பேசர் வாங்கி, ஆறு மாசத்துல ஷாக் போய், அப்புறம் ஸ்பிரிங் செட்டே வாங்கினவங்க ரெண்டு தடவ செலவு பண்ணியிருக்காங்க, லேபரும் ரெண்டு தடவ.

ஸ்பிரிங் எடுக்கும்போது உயரத்த மட்டும் பாக்காதீங்க, பாரத்த பாருங்க. ஒரே உயரத்துக்கு ரெண்டு மூணு விறைப்புல ஸ்பிரிங் விப்பாங்க, சும்மா ஓடுற வண்டிக்கு ஒண்ணு, எப்பவும் இரும்பு பம்பரும் வின்ச்சும் மாட்டியிருக்குற வண்டிக்கு ஒண்ணு, பின்னாடி எப்பவும் சாமான் ஏத்துறவங்களுக்கு ஒண்ணு. இதுல "எப்பவும்"ங்குற வார்த்தை முக்கியம். வருஷத்துல ரெண்டு தடவ கேம்பிங் போறப்ப ஏத்துற பாரத்துக்காக கனமான ஸ்பிரிங் எடுத்தா, மிச்ச முந்நூத்தி அறுபது நாளும் காலி வண்டி ஒவ்வொரு பள்ளத்துக்கும் துள்ளும், சொன்ன உயரத்த விட கூடவே நிக்கும், பின் சீட்ல உக்காந்த பெரியவங்க அடுத்த தடவ வர மாட்டாங்க. இப்ப வண்டியில நிஜமா என்ன பாரம் நிரந்தரமா இருக்குன்னு ஒரு பேப்பர்ல எழுதி கூட்டிப் பாருங்க, அதுக்கு ஏத்தத எடுங்க. நாளைக்கு வின்ச் வாங்கலாம்ங்குற ஆசைக்கு இன்னைக்கே ஸ்பிரிங் வாங்க வேணாம்.

விறைப்பான ஸ்பிரிங் போட்டுட்டு பழைய ஷாக்க விடுறதும் தப்பு. ஸ்பிரிங் அமுங்கினதும் திரும்ப நீளப் பாக்கும், அந்த வேகத்த அடக்குறது ஷாக்கோட வேல. ஸ்பிரிங் பலம் கூடி ஷாக் பலம் அப்படியே இருந்தா வேகத்தடை தாண்டினதுக்கு அப்புறமும் வண்டி ஊஞ்சல் மாதிரி ஆடிக்கிட்டே இருக்கும்.

இப்ப கோணங்களுக்கு வரேன், நான் அதிகமா கவலப்படுற இடம் இது தான். ஒரு நண்பரோட ஜிம்னி, 2 இன்ச் ஸ்பிரிங் போட்டு வந்த மறுநாள் என்னை ஓட்டச் சொன்னார். ஊருக்குள்ள ஒண்ணும் தெரியல. நெடுஞ்சாலையில 80ஐ தொட்டதும் ஸ்டியரிங் லேசா ஆயிடுச்சு, நேரா பிடிச்சிருந்தும் வண்டி இடது பக்கம் கொஞ்சம் போகுது, திருத்தினா வலது பக்கம் கொஞ்சம் போகுது, திருப்பத்துல இருந்து வெளிய வரும்போது ஸ்டியரிங் தானா திரும்பி வரல, நான் கையால கொண்டு வர வேண்டியிருந்தது. அது காஸ்டர் கோணம் கொறஞ்சதோட அடையாளம். சைக்கிளோட முன் ஃபோர்க்க பாருங்க, நேரா நிக்காம கொஞ்சம் சாஞ்சிருக்கும், அந்த சாய்வும் சேந்து தான் கைய விட்டாலும் சைக்கிள் நேரா போகுது. வண்டியோட முன் சக்கரத்துக்கும் அதே சாய்வு உண்டு. முன் ஆக்ஸில பிடிச்சிருக்குற ரேடியஸ் ஆர்ம் ஒரு முனையில சேஸிஸ்ல மாட்டியிருக்கு, சேஸிஸ் மேல போனா ஆர்ம் சாயும், ஆர்ம் சாஞ்சா அதோட சேந்து ஆக்ஸிலும் உருளும். ஆர்ம் நீளம் 80 செமீன்னு வெச்சா, 5 செமீ தூக்கினதுல சுமார் மூணரை டிகிரி போயிடும், பல வண்டிகளுக்கு கம்பெனி குடுத்த மொத்த காஸ்டரே அதுல இருந்து ரொம்ப தூரம் இல்ல. இத திருத்த ஓட்ட நடுவுல இல்லாம ஒதுங்கியிருக்குற காஸ்டர் புஷ் கிடைக்கும், ஸ்பிரிங் செட்டோட ஒப்பிட்டா சின்ன செலவு தான். நண்பர் வண்டியில அத மாட்டி அலைன்மென்ட் பண்ணினதும் ஸ்டியரிங்குக்கு பழைய கனம் திரும்பி வந்துச்சு. அந்த செட்ட மாட்டின இடத்துல இதப்பத்தி ஒரு வார்த்தை கூட சொல்லலைங்குறது தான் எனக்கு இன்னும் கோவம்.

அடுத்தது பேன்ஹார்ட் ராட். ஆக்ஸில் இடது வலதா நகராம பிடிச்சிருக்குற குறுக்கு கம்பி, ஒரு முனை சேஸிஸ்ல, ஒரு முனை ஆக்ஸில்ல. வண்டி உயந்தா அந்தக் கம்பி இன்னும் சாயும், சாஞ்சா ஆக்ஸில ஒரு பக்கமா இழுக்கும். பின்னாடி நின்னு பாத்தா ஒரு பக்க டயர் ஃபெண்டருக்கு வெளிய கொஞ்சம் கூட தெரியும். 2 இன்ச்சுக்கு இது சின்ன அளவு தான், நீளம் மாத்துற மாதிரி ராட் போட்டு நடுவுக்கு கொண்டு வரலாம். முன்னாடி ஸ்டியரிங் ட்ராக் லிங்க்கும் (ஸ்டியரிங் பாக்ஸ்ல இருந்து சக்கரத்துக்கு போற கம்பி) பேன்ஹார்ட் ராடும் ஒரே சாய்வுல இருக்கணும், ஒண்ண மட்டும் எறக்கிட்டு இன்னொண்ண விட்டா பள்ளத்துல விழும்போதெல்லாம் ஸ்டியரிங் தானா திரும்பும். ட்ராக் லிங்க்க கீழ எறக்குறதுக்கு ஸ்டியரிங் பாக்ஸ்ல இருக்குற பிட்மேன் ஆர்ம மட்டும் மாத்திக்கங்கன்னு யாராவது சொன்னா இத ஞாபகம் வெச்சுக்கங்க.

பிரேக் ஹோஸ் விஷயத்துல கஞ்சத்தனமே கூடாது. லிஃப்ட் போட்டு முடிச்சதும் வண்டிய சேஸிஸ்ல ஸ்டாண்ட் குடுத்து நிறுத்தி, சக்கரங்கள முழுசா தொங்க விட்டு, ஒவ்வொரு ஹோஸையும் கையால தொட்டுப் பாருங்க. லேசா வளைஞ்சு தொளதொளன்னு இருந்தா சரி, கம்பி மாதிரி இழுத்து நின்னா நீளமான ஹோஸோ, இல்ல அதோட பிராக்கெட்ட கீழ எறக்குற துண்டோ போடணும். முன் சக்கரத்த ரெண்டு பக்கமும் முழுசா திருப்பியும் பாருங்க. பக்கத்துலயே ஏபிஎஸ் ஒயர் போகும், அதையும். சில வண்டியில பின் ஆக்ஸிலுக்கும் சேஸிஸுக்கும் நடுவுல ஒரு சின்ன கம்பி போய் ஒரு வால்வுல சேரும். பின்னாடி எவ்வளவு பாரம் இருக்குன்னு பாத்து பின் பிரேக்குக்கு அழுத்தம் குடுக்குற வால்வு அது. லிஃப்ட் போட்டதும் சேஸிஸ் மேல போயிடுறதால, வண்டி காலியா இருக்குன்னு அது நினைச்சுக்கும், பின் பிரேக் அழுத்தத்த கொறச்சிடும். பாரத்தோட போகும்போது கூட. அந்தக் கம்பியோட பிராக்கெட்ட அதே அளவுக்கு உயத்தினா போதும், ஒரு சின்ன தகடு தான், ஆனா இத மறந்துட்டு ஓடுற வண்டிகள் நிறைய.

பம்ப் ஸ்டாப், சக்கரம் மேல வந்து முட்டும்போது தாங்குற ரப்பர் கட்டை. புது ஷாக் பழச விட நீளமா இருந்தா முழுசா அமுங்கினாலும் நீளமாவே இருக்கும், அப்ப பம்ப் ஸ்டாப் தொடுறதுக்கு முன்னாடியே ஷாக் அடிச்சு நிக்கும். அதனால பம்ப் ஸ்டாப்பையும் கொஞ்சம் நீட்டணும். திருப்பத்துல வண்டி சாயாம பிடிக்குற ஸ்வே பாரோட லிங்க்கும் அப்படித்தான், பார் பழைய கோணத்துலயே நிக்குற மாதிரி லிங்க் நீளம் பாத்துக்கணும். ஆக்ஸிலுக்கு இழுவைய கொண்டு போற ப்ரொபெல்லர் ஷாஃப்ட்டோட கோணம் மாறி ஒரு குறிப்பிட்ட வேகத்துல மட்டும் வண்டியோட தரையில அதிர்வு வந்தா அலட்சியப்படுத்தாம காட்டுங்க, குட்டையான ஷாஃப்ட் இருக்குற சின்ன வண்டிகள்ல இது சீக்கிரம் தலை காட்டும்.

உயரம் கூடினா கவிழுற பயம் எவ்வளவு கூடும்னு ஒரு கணக்கு போட்டுடுவோம். ரெண்டு சக்கரத்துக்கும் நடுவுல இருக்குற அகலத்த, வண்டியோட எடை மையம் இருக்குற உயரத்தோட ரெண்டு மடங்கால வகுக்கணும். அகலம் 150 செமீ, எடை மையம் 70 செமீன்னா 150ஐ 140ஆல வகுத்தா 1.07. எடை மையம் 75 செமீ ஆனா சரியா 1. எண்ணு சின்னதாக ஆக வண்டி சுலபமா கவிழும். மேற்கூரையில கேரியர் மாட்டி சாமான் ஏத்துறதும் இதே கணக்குல தான் சேரும், லிஃப்ட்டும் கேரியரும் பெரிய டயரும் ஒண்ணா வந்தா கூட்டிப் பாத்துக்கங்க. லிஃப்ட் போட்ட முதல் ரெண்டு வாரம் திருப்பங்கள்ல பழைய வேகத்துல போகாதீங்க, உடம்புக்கு புது வண்டி பழகணும்.

டயர் பத்தி சுருக்கமா. 31 இன்ச்ல இருந்து 33 இன்ச்சுக்கு போனா ஸ்பீடோமீட்டர் 60 காட்டும்போது நிஜத்துல கிட்டத்தட்ட 64ல போயிட்டிருப்பீங்க. இழுவை கொறையும், பெட்ரோல் டீசல் கூட குடிக்கும், பிரேக் தூரம் நீளும். தினசரி வண்டிக்கு டயர் ஒரு சைஸ் கூட்டினா போதும், அதுவும் லிஃப்ட்டோட சேத்து இல்லாம ஆறு மாசம் கழிச்சு பண்ணினா எந்த மாத்தம் எந்த தொல்லைய கொண்டு வந்துச்சுன்னு தெளிவா தெரியும்.

காசு பத்தாதுன்னா என்ன பண்ணலாம்? வண்டி அடியில நீங்க பாத்த கோடுகள் ஒண்ணு ரெண்டு தான்னா, அதே சைஸ்ல நல்ல ஆல்டெரெய்ன் டயரும், வயித்துக்கு ஒரு ஸ்கிட் பிளேட்டும் (அடிப்பாகத்த கல்லு இடிக்காம காக்குற தகடு) போட்டு இந்த வருஷத்த ஓட்டுங்க. லிஃப்ட்டுக்கு காசு சேந்ததும் போடலாம். செகண்ட் ஹேண்டுல வாங்குறதா இருந்தா ஸ்பிரிங் வாங்கலாம், துரு பிடிச்சு பள்ளம் விழாம இருந்தா போதும்; ஷாக்க வாங்காதீங்க, உள்ள எண்ணெய் எந்த நிலையில இருக்குன்னு வெளிய இருந்து தெரியாது. விலைகள ஒப்பிடும்போது பெட்டியில என்ன என்ன இருக்குன்னு எழுதி கேளுங்க, ஒருத்தர் சொல்ற கம்மி விலையில காஸ்டர் புஷ், ஹோஸ் பிராக்கெட், பம்ப் ஸ்டாப் எதுவும் இருக்காது, அத தனித்தனியா வாங்கி கூட்டினா பக்கத்து செட்ட தாண்டிடும். புஷ் தேஞ்சா தனியா கிடைக்குமான்னும் கேட்டுக்கங்க. அப்புறம் உங்க ஊர் சட்டம், இன்சூரன்ஸ் ரெண்டும் எவ்வளவு உயரம் வரைக்கும் ஒத்துக்கும்னு வாங்குறதுக்கு முன்னாடியே விசாரிச்சிடுங்க.

மாட்டுற நாள்ல கூட நில்லுங்க. ஸ்ட்ரட்ல இருந்து ஸ்பிரிங்க கழட்டுற வேலைய வீட்டுல பண்ணாதீங்க, அமுக்கி வெச்ச ஸ்பிரிங் நழுவினா உயிருக்கே ஆபத்து. வேலை ஆரம்பிக்குறதுக்கு முன்னாடி சக்கரத்தோட நடுவுல இருந்து நேர் மேல ஃபெண்டர் விளிம்பு வரைக்கும் டேப் பிடிச்சு நாலு பக்கமும் அளந்து எழுதி வெச்சுக்கங்க. தரையில இருந்து அளந்தா டயர் காத்து கொறஞ்சா கூடினா அளவு மாறும். இன்னொண்ணு, இத பாதி மெக்கானிக்குங்க பண்றதில்ல: ஆர்ம், பேன்ஹார்ட் ராட் இதோட ரப்பர் புஷ் போல்ட்டுகள வண்டி அந்தரத்துல தொங்கும்போது இறுக்கக் கூடாது. அந்த ரப்பர் போல்ட்டோட சேந்து பிடிச்சிடும், இறுக்கினப்ப இருந்த நிலை தான் அதுக்கு ஓய்வு நிலை. தொங்கும்போது இறுக்கிட்டு வண்டிய எறக்கினா ரப்பர் நாள் முழுக்க முறுக்கினபடியே நிக்கும், சீக்கிரம் கிழியும். கையால மாட்டி விட்டு, வண்டிய நாலு சக்கரத்துலயும் எறக்கி, முன்ன பின்ன ஒரு தடவ உருட்டி, அதுக்கப்புறம் டார்க் ரெஞ்ச்ல முழு இறுக்கம் குடுக்கச் சொல்லுங்க.

அன்னைக்கே வீல் அலைன்மென்ட், ஹெட்லைட்ட கீழ எறக்குறது ரெண்டும் முடிச்சிடுங்க, இல்லன்னா எதிர்ல வர்றவங்க கண்ணுல தான் உங்க வெளிச்சம் விழும். 500 கிலோமீட்டர் ஓடினதும் எல்லா போல்ட்டையும் திரும்ப ரெஞ்ச் வெச்சு பாக்கச் சொல்லுங்க. ஸ்பிரிங் அதுக்குள்ள கொஞ்சம் உக்காந்திருக்கும், எழுதி வெச்ச பேப்பர எடுத்து நாலு பக்கமும் திரும்ப அளந்து பாருங்க, இடதுக்கும் வலதுக்கும் ஒரு செமீக்கு மேல வித்தியாசம் இருந்தா ஸ்பிரிங்க இடம் மாத்தி மாட்டிட்டாங்களான்னு முதல்ல கேளுங்க, பல செட்டுல டிரைவர் பக்கத்துக்கும் மறு பக்கத்துக்கும் வேற வேற நீளம் வரும்.